மெஸ்ஸர்ஷ்மிட் கட்சிக்காரனுக்கு

அன்புள்ள முரளி,

கடிதம் போட்டு ரொம்ப நாளாகிவிட்டது, கோபப்படாதே. வீட்டில் எல்லோரும் நலம், அம்மாவின் கண் அறுவை நல்லபடியாக முடிந்தது. சரி, விஷயத்துக்கு வருகிறேன். மகளைப் பார்க்கப் பாரிஸ் போனபோது லெ பூர்ஜே விமான அருங்காட்சியகத்தில் டெவாட்டின் டி.520-ஐ, அந்த இரண்டாம் உலகப் போர்க் காலத்துப் பிரெஞ்சுப் போர் விமானத்தை, நேரில் பார்த்துவிட்டேன்! நீயும் பாஸ்கரும் பள்ளிக்கூட நாளிலிருந்து ஓட்டை விமானம் என்று கிண்டலடித்தீர்களே, அதேதான்.

குறைகளை நானே சொல்லிவிடுகிறேன், நீ சிரமப்படாதே. 1938 அக்டோபரில் முதல் மாதிரி பறந்தபோது மணிக்கு 480 கிலோமீட்டரிலேயே திணறியது. இறக்கைக்கு அடியில் இருந்த, எஞ்சினைக் குளிர்விக்கும் ரேடியேட்டர்களை எடுத்து, வயிற்றுக்கடியில் ஒன்றே ஒன்றை வைத்த பிறகுதான் வேகம் வந்தது. ஹிஸ்பானோ எஞ்சின் ஆயிரம் குதிரைத்திறனைத் தொடவில்லை. விமானிக்கு இடம் ரொம்பப் பின்னால், அதனால் இறங்கும்போது முன்னால் தரை சரியாகத் தெரியாது, இறங்கி ஓடும்போதும் சட்டென்று பக்கவாட்டில் திரும்பிவிடும். பிடிபட்ட ஜெர்மன் போர் விமானம் மெஸ்ஸர்ஷ்மிட் 109-ஓடு 1940 ஏப்ரலில் பறக்கவிட்டுப் பார்த்தார்கள், நீ கொண்டாடும் அந்த 109-தான் மணிக்கு முப்பது கிலோமீட்டருக்கு மேல் கூடுதல் வேகம். வட்டமடிப்பதில் டி.520 விட்டுக்கொடுக்கவில்லை, ஆனால் திருப்பத்தை ரொம்ப இறுக்கினால் சுழன்று விழும்.

அப்புறம் இதையும் கேள். புரொப்பெல்லரின் நடுவழியே சுடும் 20 மி.மீ. பீரங்கி, இறக்கைகளில் நாலு இயந்திரத் துப்பாக்கி. 1940 ஜூன் 15 அன்று பிரெஞ்சு விமானி பியர் லெ க்ளோவான் இதில் ஏறி, இறங்குவதற்குள் ஐந்து இத்தாலிய விமானங்களை வீழ்த்தினார், நாலு ஃபியட் சிஆர்.42 போர் விமானம், ஒரு குண்டுவீச்சு விமானம். ஓட்டை விமானத்தில் நடக்கிற காரியமா முரளி?

எனக்கு ஆறவே ஆறாதது வேறு. 1940 மே 10, ஜெர்மானியர் மேற்கே தாக்குதலைத் தொடங்கிய அன்று, சண்டைக்குத் தயாராக இருந்த டி.520-கள் வெறும் 36. ஆர்டர் கொடுத்ததே 1939-இல், தொழிற்சாலையை விட்டு வந்தவற்றையும் குளிர்விப்புக் கோளாறுக்காகத் திருப்பி அனுப்பித் திருத்த வேண்டியிருந்தது. அதனால் பெரும்பாலான பையன்கள் மணிக்கு 490 கிலோமீட்டரைக்கூடத் தாண்டாத மொரான் 406 என்ற இன்னொரு பிரெஞ்சு விமானத்தில்தான் 109-க்கு எதிரே போனார்கள், உயரத்தில் அதன் இறக்கைத் துப்பாக்கிகள் குளிரில் உறைந்துபோகும். அவர்களை நினைத்தால் நெஞ்சு அடைக்கிறது. பறந்த விமானத்தைக் குறை சொல்கிறோம், வந்து சேராததைப் பற்றிப் பேசுவதே இல்லை.

இதே லெ க்ளோவான் 1941-இல், ஜெர்மனியோடு ஒத்துப்போன விஷி பிரெஞ்சு அரசின் படையில் இருந்துகொண்டு, சிரியாவில் இதே வகை விமானத்தில் பிரிட்டிஷாரோடு சண்டை போட்டார். அந்தக் கதை நீளம், அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன். படங்களைப் பாஸ்கருக்கும் காட்டு, அவன் என்ன சொன்னான் என்று மறைக்காமல் எழுது.

அன்புடன்,
சுந்தர்