ஆட்டப் பட்டியலை மாற்றுங்கள்: போட்டி ஏற்பாட்டுக் குழுவுக்கு மூணாற்றிலிருந்து ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஏற்பாட்டுக் குழுவினருக்கு,

வணக்கம். இந்த ஆண்டு ஆன்லைனில் நடக்கவிருக்கும் மாற்றுச் சதுரங்கப் போட்டிக்கான, அதாவது வழக்கமான விதிகளை மாற்றி ஆடும் சதுரங்க வகைகளுக்கான, ஆட்டப் பட்டியலைப் பார்த்தேன். போன தடவை வைத்த அதே மூன்றுதான்: கிரேசிஹவுஸ், அட்டாமிக், ஆன்டிசெஸ். முழு ஆட்டத்துக்கும் ஆளுக்கு நேரமும் அதே மூன்று நிமிடம். நகர்வுக்கு ஒரு விநாடிகூடச் சேர்த்துத் தருவதில்லை. போன போட்டி முடிந்த கையோடு தோட்டப் பகுதிப் பெற்றோரும் நானும் கையெழுத்திட்டு அனுப்பிய கடிதம் உங்களிடம் இருக்கிறது. பதில் வரவில்லை. அதில் கேட்டதையே இப்போது எல்லோரும் பார்க்கும்படி கேட்கிறேன். பட்டியலை மாற்றுங்கள். நகர்வுக்குச் சில விநாடிகள் கூட்டிக் கொடுங்கள். விதிகளைத் தமிழிலும் தாருங்கள்.

கிரேசிஹவுஸ் நல்ல ஆட்டம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. வெட்டிய காய் நமக்குச் சொந்தமாகிவிடும். நம் முறை வரும்போது பலகைக் காயை நகர்த்துவதற்குப் பதில் அதை எடுத்து ஒரு காலிக் கட்டத்தில் வைக்கலாம். கணினி முன்னால் உட்கார்ந்து மவுஸால் ஆடுகிறவருக்கு இது இன்பம். அம்மாவின் கைபேசியில் ஆடும் பிள்ளைக்கு என்ன ஆகும் என்று நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

தேவிகுளம் பக்கத்து எஸ்டேட்டில் எட்டாம் வகுப்புப் படிக்கிறாள் அந்தப் பிள்ளை. லயத்துக்குள், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளுக்குள், ரேஞ்ச் கிடையாது. மேட்டில், கொழுந்து நிறுக்கும் ஷெட்டுக்கு வந்தால் இரண்டு கோடு கிடைக்கும். அன்று மழை சாய்ந்து அடித்தது. ஷெட்டுக்குக் கூரை உண்டு, பக்கச் சுவர் இல்லை. அவளுடைய தாத்தா சாரல் வரும் பக்கமாகக் குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றார். திரையில் ஒரு துளி விழுந்தாலும் விரல் பிடிக்காது. சுடிதார் ஷாலால் துடைப்பாள், ஒரு நகர்வு ஆடுவாள், மறுபடி துடைப்பாள். எதிராளி ராஜா ஜி1 கட்டத்தில் மாட்டிக்கொண்டு நிற்கிறது. இவள் கையில் வெட்டிய குதிரை ஒன்று இருக்கிறது. எஃப்3-இல் வைத்தால் செக், அதற்கு அடுத்ததில் மேட். அவளுக்குத் தெரிந்துவிட்டது, என்னைத் திரும்பிப் பார்த்தாள். குதிரையை இழுத்தாள், ஈர விரலிலிருந்து நழுவி, எடுத்த இடத்துக்கே போனது. மறுபடி இழுத்தாள். அந்த நேரம் பார்த்து ரேஞ்ச் போனது. திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. இணைப்பு வந்தபோது அவள் நேரம் முடிந்து, தோல்வி என்று காட்டியது.

நகர்வுக்கு ஐந்து விநாடி கூடுதலாகக் கிடைத்திருந்தால், அதற்குள் ஆடி முடித்த நகர்வுகளிலேயே இரண்டு மூன்று நிமிடம் சேர்ந்திருக்கும். எதிரே ஆடிய பிள்ளைமேல் எனக்கு வருத்தம் இல்லை. மேட் கண்ணில் பட்ட பிள்ளையைத் தோற்கடித்தது நீங்கள் வைத்த நேர அளவு. அதைத்தான் இந்த ஆண்டும் அப்படியே வைத்திருக்கிறீர்கள்.

இணைய இணைப்புக்கு ஆட்டக்காரரே பொறுப்பு என்று உங்கள் விதிகளில் எழுதியிருக்கிறது. எஸ்டேட்டில் டவர் இல்லாததற்கு எட்டாம் வகுப்புப் பிள்ளை எப்படி ஐயா பொறுப்பாவாள்? 2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடியில் மலை சரிந்து 70 பேரைக் கொண்டுபோனது. போன் வேலை செய்யாததால் விடிந்த பிறகுதான் செய்தி வெளியே வந்தது. ரேஞ்ச் என்பது எங்களுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று கோட்டயத்திலும் கொச்சியிலும் இருப்பவர்களுக்குச் சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டோம். சாலை கேட்டாலும் ஆஸ்பத்திரி கேட்டாலும் இதே கதைதான். அதையெல்லாம் உங்களிடம் கேட்பது முறையில்லை, தெரியும். உங்கள் கையில் இருப்பது ஆட்டப் பட்டியலும் கடிகாரமும். அவற்றை மட்டும்தான் கேட்கிறேன்.

அட்டாமிக்கில் வேறு மாதிரி அநியாயம் நடக்கிறது. அங்கே ஒரு காயை வெட்டினால் வெட்டும் காயும் வெட்டுப்பட்ட காயும் சுற்றி நிற்பவையும் வெடித்துப் போகும், பக்கத்துச் சிப்பாய்கள் மட்டும் தப்பும். வெள்ளைக் குதிரை எஃப்3-க்கு வரும், அடுத்து ஜி5, மூன்றாவது நகர்வில் எஃப்7 சிப்பாயை வெட்டும். பக்கத்துக் கட்டமான இ8-இல் நிற்கும் கறுப்பு ராஜா அத்தோடு காலி. தெரிந்தவருக்கு எஃப்6 என்று சிப்பாயைத் தள்ளித் தடுப்பது சாதாரணம். ஆட்டத்தையே போட்டியன்றுதான் முதல்முறை பார்க்கும் பிள்ளைக்கு மூன்றாவது நகர்விலேயே கதை முடிகிறது. ஆன்டிசெஸ்ஸில் எல்லாக் காய்களையும் இழந்தவர் வெல்வார். வெட்ட முடிந்தால் வெட்டியே ஆகவேண்டும். அதில் வெள்ளை முதல் நகர்வாகச் சிப்பாயை இ3-க்கு ஆடினால் கட்டாய வெற்றி உண்டு என்று மார்க் வாட்கின்ஸ் 2016-லேயே கணினியால் முடித்துக் காட்டிவிட்டார். பயிற்சியாளரும் லேப்டாப்பும் உள்ள வீட்டில் இந்த வரிசைகளைப் பிள்ளை மனப்பாடம் செய்துவிடும். லயத்தில் இருக்கும் பிள்ளை என்ன செய்யும்?

ஆட்டக்காரர்களே வாக்களித்துத் தேர்ந்தெடுத்த ஆட்டங்கள் இவை என்று நீங்கள் சொல்லக்கூடும். அந்த வாக்கெடுப்பு வாட்ஸ்அப் குழுவில் ஒரே ஒரு ராத்திரி திறந்திருந்தது. எங்கள் பிள்ளைகளில் பாதிப் பேர் அந்தக் குழுவில் இல்லை, அவர்களுக்கென்று போன் இல்லாததால். மீதிப் பேருக்கு அன்று ரேஞ்ச் இல்லை.

புதுமையான ஆட்டங்கள் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. செஸ்960 வையுங்கள். ராஜா இரண்டு யானைகளுக்கு நடுவில், மந்திரிகள் இரண்டும் வெவ்வேறு நிறக் கட்டத்தில் என்ற நிபந்தனையோடு பின்வரிசை கலைந்து வரும். 960 தொடக்கங்களை எந்தப் பயிற்சியாளரும் உருப்போட வைக்க முடியாது. கைபேசியில் ராஜாவை யானைமேல் வைத்தால் கேஸ்லிங் (ராஜாவும் யானையும் ஒரே நகர்வில் சேர்ந்து இடம் மாறுவது) ஆகிவிடும் என்பதை மட்டும் முன்னமே சொல்லிவிடுங்கள், பிள்ளைகள் அங்கேதான் தடுமாறுவார்கள். கேஸ்லிங் இல்லாத சதுரங்கம் இன்னும் எளிது, ஒரே வரியில் விதி முடிந்துவிடும். 2019-இல் முன்னாள் உலக சாம்பியன் வ்ளாதிமிர் கிராம்னிக் முன்வைத்தது இது. 2021 ஜூலையில் டார்ட்மண்டில் நம் விசுவநாதன் ஆனந்த் அவரோடு இந்த முறையில் நான்கு ஆட்டம் ஆடி, இரண்டரைக்கு ஒன்றரை என்று வென்றார். தொடக்க நிலையிலேயே கேஸ்லிங் உரிமையை எடுத்துவிட்டால் தளமே தடுத்துவிடும், நடுவருக்கும் வேலை மிச்சம்.

மூன்றாவதாகத் தாய்லாந்துச் சதுரங்கமான மக்ருக்கை யோசித்துப் பாருங்கள். பைசெஸ் என்ற இணையதளத்தில் இலவசமாகவே ஆடலாம். சிப்பாய்க்கு முதல் நகர்விலும் ஒரே கட்டம்தான், கேஸ்லிங் கிடையாது. ராணியின் இடத்தில் நிற்கும் காய் மூலையாக ஒரு கட்டம்தான் போகும். வேகத்தைவிட நிதானத்துக்கு மதிப்புள்ள ஆட்டம். எங்கள் லயங்களில் பெரியவர்கள் இன்றும் சிப்பாயை ஒரு கட்டத்துக்கு மேல் நகர்த்த விடமாட்டார்கள், நாட்டு முறை அது. அப்படிப்பட்ட நாட்டு விதிகளில் வளர்ந்த மீர் சுல்தான் கான்தான் 1929, 1932, 1933 ஆண்டுகளில் பிரிட்டிஷ் சாம்பியன் ஆனார், முன்னாள் உலக சாம்பியன் கபாபிளாங்காவையும் தோற்கடித்தார். மக்ருக்கை வைத்தால் தாத்தா பாட்டியே பேரப்பிள்ளைக்குப் பயிற்சி கொடுத்துவிடுவார்கள்.

மொழி விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். அறிவிப்பு மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் வருகிறது. மூணாறு, பீருமேடு, கொழிஞ்சாம்பாறை பக்கத்தில் தமிழ்வழியில் படிக்கும் பிள்ளைகளும் கேரளத்துப் பிள்ளைகள்தான், நுழைவுக் கட்டணம் அவர்களிடமும் வாங்குகிறீர்கள். மொழிபெயர்க்க ஆள் இல்லையென்றால் நான் செய்து தருகிறேன், பணம் வேண்டாம். போட்டிக்கு ஒரு மாதம் முன்பே விதிகள் கையில் இருந்தால் ஞாயிறு வகுப்பில் ஆடிப் பழக்கிவிடுவேன்.

மறுபடியும் பணிவோடு கேட்கிறேன்: ஆட்டப் பட்டியலை மாற்றுங்கள். அது முடியாத பட்சத்தில், இருக்கும் ஆட்டங்களுக்கே நேரத்தை ஐந்து நிமிடமாக்கி நகர்வுக்கு ஐந்து விநாடி கூட்டுங்கள். பதிவு முடியும் முன்பே உங்கள் முடிவைத் தெரிவித்தால் பிள்ளைகளின் பெயரைக் கொடுப்பதா வேண்டாமா என்று பெற்றோரிடம் பேச வசதியாக இருக்கும். இந்தத் தடவையாவது பதில் எழுதுங்கள்.

இப்படிக்கு,
மூணாறு தோட்டப் பகுதியில் சதுரங்கம் சொல்லிக்கொடுக்கும் ஒருவன்