கூடலூர்த் தவளையும் தலைமன்னார்க் கப்பலும்

ஹட்டன்
ஐப்பசி மாதம்

அன்பின் நண்பனுக்கு,

உன் கடிதமும் அதோடு வந்த படமும் போன வாரம் கிடைத்தன. முதலில் வீட்டுச் செய்தியைச் சொல்லிவிடுகிறேன். மழை தொடங்கியதும் மூட்டுவலி கூடிவிட்டது, மற்றபடி நலம். மகளுக்குப் பதுளைப் பக்கம் மாற்றம் கிடைத்துவிட்டது. பேரனை இனி நான்தான் பள்ளிக்கூடத்தில் விட்டு வருகிறேன். நம் பழைய லயத்தில், அந்தத் தோட்டத்து வரிசை வீடுகளில், பாதியை இடித்துவிட்டார்கள். உங்கள் காம்பராவுக்குப் பின்னால் நின்ற கொய்யா மட்டும் இன்னும் காய்க்கிறது.

அப்புறம் அந்தப் படம். தேயிலை இலை மேல் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு தவளை உட்கார்ந்திருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு உன் பேத்தி கேட்டதாக எழுதியிருக்கிறாய்: "முன்பு இலங்கைக்கு நடந்தே போகலாம் என்றால், அங்கே உள்ள தவளையும் இங்கே உள்ள தவளையும் ஏன் வேறு வேறாக இருக்கின்றன?" இரண்டு நாளாக எனக்கு வேறு நினைப்பே இல்லை. பெரிய பெரிய ஆய்வாளர்கள் வருடக்கணக்கில் கேட்ட கேள்வி அது.

நடந்து போகலாம் என்பது உண்மைதான். பாக்கு விரிகுடாவில் பெரும்பாலான இடங்களில் 15 மீட்டர் ஆழம்கூட இல்லை. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியுகம் உச்சத்தில் இருந்தபோது, உலகம் முழுக்கக் கடல் இன்றைக்கு இருப்பதைவிட 120 மீட்டர் வரை கீழே இருந்தது. மன்னாருக்கும் இராமேசுவரத்துக்கும் இடையில் அப்போது கடலே இல்லை, அகலமான தரை. ஒரு தடவை மட்டுமல்ல, கடந்த சில இலட்சம் ஆண்டுகளில் பல தடவை இப்படிச் சேர்ந்து சேர்ந்து பிரிந்திருக்கிறது. யானையும் சிறுத்தையும் அப்படித்தான் போய் வந்தன. இரத்தினபுரியில் மாணிக்கக் குழி தோண்டுகிறவர்கள் இல்லம் என்று ஒரு கூழாங்கல் படிவத்தைத் தேடித்தான் இறங்குவார்கள். அந்த இல்லத்தில் கல்லோடு கல்லாக நீர்யானையின் எலும்பும் காண்டாமிருகத்தின் பல்லும் கிடைத்திருக்கின்றன. சிங்கத்தின் பல்கூட. இன்றைக்கு அவை ஒன்றும் இந்தத் தீவில் இல்லை.

தவளைக்கு வருகிறேன். 2004-இல் சயன்ஸ் இதழில் ஓர் ஆய்வு வந்தது. மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இலங்கையின் ஈரக் காடுகளிலும் உள்ள மரத்தவளை, நன்னீர் நண்டு, மண்ணுக்குள் வாழும் கேடயவால் பாம்பு போன்றவற்றின் மரபணுவை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். தரை இத்தனை தடவை ஒட்டியும், இலங்கை உயிர்கள் பெரும்பாலும் தனிக் கிளையாகவே நின்றிருக்கின்றன. நம் நன்னீர் நண்டுகளில் ஏறக்குறைய எல்லா இனங்களுமே இந்தத் தீவை விட்டால் வேறெங்கும் இல்லை.

பேத்தியிடம் இப்படிச் சொல்லிப் பார். இரண்டு கரையையும் சேர்க்கிற அந்தத் தரைப்பாலம் திறக்க வேண்டுமானால் கடல் வற்ற வேண்டும். கடல் வற்ற வேண்டுமானால் பூமி குளிர வேண்டும். பூமி குளிர்ந்த காலத்தில் தென்மேற்குப் பருவமழையும் மெலிந்துபோனது. ஹோட்டன் சமவெளியின் சதுப்பைத் துளைத்து, அதில் புதைந்த மகரந்தத்தை எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். இன்றைக்கு எப்போதும் மூடுபனி நிற்கிற அந்த இடமே பனியுக உச்சத்தில் அரை வறட்சியாகக் கிடந்ததாம். மலை உச்சிக்கே அந்தக் கதி என்றால் மன்னார்த் தரை எப்படிக் காய்ந்திருக்கும்! பாலம் திறந்திருந்த நாளெல்லாம் அது முள்ளும் மணலும்தான். யானைக்கு அது பாதை, நட்சத்திர ஆமைக்கு அது வீடு. தோல் ஈரமாக இருந்தால்தான் மூச்சுவிட முடியும் என்கிற தவளைக்கு அதுவும் கடல்தான். இதை முதலில் புரிந்துகொண்ட அன்று நான் வெகுநேரம் வாசலிலேயே உட்கார்ந்திருந்தேன். தண்ணீர்தான் தீவை உண்டாக்குகிறது என்று நாற்பது வருடம் பிள்ளைகளுக்குப் படிப்பித்தவன் நான். தண்ணீர் இல்லாமையும் தீவை உண்டாக்கும் என்று ஒரு நாளும் சொல்லிக் கொடுக்கவில்லை.

தீவுக்குள்ளும் தீவு உண்டு. கொம்பு ஓணானையே எடுத்துக்கொள். ஹோட்டன் சமவெளிப் பக்கம் இருப்பதற்கு மூக்கு நுனியில் கூரான வெள்ளைக் கொம்பு. நக்கிள்ஸ் மலையில் இருப்பதற்கு அந்த இடத்தில் சின்ன இலை ஒட்டியது போலச் சதை. இரண்டு மலைக்கும் நடுவில் மகாவலி அறுத்த பள்ளத்தாக்கு, கீழே சூடு. அந்தச் சூட்டில் இறங்கி ஏற முடியாமல் இரண்டும் அவரவர் மலையிலேயே தங்கி, வேறு வேறு இனமாகிவிட்டன. பஸ்ஸில் ஒரு பகல் பயணம், அவ்வளவுதான் தூரம்.

போன வைகாசியில் மஸ்கெலியாப் பக்கம் காட்டோரத்தில் ஒரு தவளையைப் பார்த்தேன். இரவு எட்டு மணி இருக்கும், தூறல். டார்ச் வெளிச்சத்தில் சருகு அசைந்தது. ஒரு பெண் தவளை பின்னங்கால்களால் மண்ணைத் தோண்டிக்கொண்டிருந்தது. அசையாமல் நின்றேன். குழியில் முட்டையிட்டது, பிறகு அதே கால்களால் முட்டையையும் மண்ணையும் பிசைந்து கலந்தது, மாவில் எள்ளைக் கலப்பது போல. இந்த வகைத் தவளைக்குத் தலைப்பிரட்டைப் பருவமே கிடையாது. முட்டைக்குள்ளேயே முழுத் தவளையாகி வெளியே வரும். குளமோ ஓடையோ தேவையில்லை, ஈர மண் போதும். அதனால்தான் குளமே இல்லாத மலைச்சரிவிலும் அவை பரவ முடிந்தது.

சூடோபிலாட்டஸ் என்பது இவற்றின் பேரினப் பெயர். இவற்றின் மூதாதை சுமார் 3 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தியாவிலிருந்து இங்கே வந்தது என்று கணக்கிடுகிறார்கள். அந்த ஒரு வருகையிலிருந்து மலைக்கு மலை, காட்டுக்குக் காடு பிரிந்து எழுபதுக்கு மேற்பட்ட இனங்கள். இதில் வலிக்கிற பகுதியும் உண்டு. பல இனங்கள் அருங்காட்சியகப் போத்தலில் மட்டும்தான் மிஞ்சியிருக்கின்றன. கோப்பிக்கும் பிறகு தேயிலைக்கும் வெட்டிய காட்டில் அவை இருந்தன. நம் பாட்டன்மாரை அழைத்து வந்து வெட்ட வைத்த அதே காடு. 1853-இல் பெயர் வைத்த ஓர் இனத்தை அதற்குப் பிறகு யாருமே காணவில்லை. அழிந்தே போனது என்று எழுதிவிட்டார்கள். 2009-இல் சிவனொளிபாதமலைக் காட்டில் அது உயிரோடு இருந்தது! பச்சை உடம்பில் வெள்ளைப் புள்ளிகள். அந்தச் செய்தியை வாசித்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

இனி, உனக்காகவே வைத்திருந்த செய்தி. ஏறக்குறைய 80 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் இந்த இலங்கைக் கிளையிலிருந்து ஒரு பிரிவு திரும்ப இந்தியாவுக்குப் போயிருக்கிறது. அதன் வழிவந்த சில இனங்கள் மேற்குத் தொடர்ச்சி மலையில் இன்றும் இருக்கின்றன. அதில் ஒன்றின் பெயரே சூடோபிலாட்டஸ் வயநாடென்சிஸ். வயநாடு உனக்கு அடுத்த ஊர்தானே? அந்தக் காலத்தில் எப்போதாவது ஈரமான ஒரு வழி திறந்திருக்க வேண்டும்.

நம் தோட்டத்து மக்களை இந்தியாவுக்கு அனுப்பிய சிறீமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் உங்கள் பெயரும் வந்து, ஹட்டன் ஸ்டேஷனில் தகரப் பெட்டியோடு நீ ரயிலேறிய நாளை நினைத்துக்கொண்டேன். தலைமன்னார், கப்பல், இராமேசுவரம், மண்டபம் முகாம், பிறகு கூடலூர் மலை. கப்பலில் தண்ணீரைப் பார்த்தபடியே வந்ததாக உன் முதல் கடிதத்தில் எழுதியிருந்தாய். அந்தத் தண்ணீருக்கு அடியில் பழைய தரை கிடந்தது நம் இருவருக்குமே அப்போது தெரியாது.

படத்தில் இருப்பது எந்த இனம் என்று படத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. உங்கள் பக்கம் ராவோர்செஸ்டெஸ் என்கிற இன்னொரு தவளைப் பேரினமும் நிறைய உண்டு, பார்வைக்கு ஒன்று போலவே இருக்கும். அதனால் ஒன்று செய். மழை இரவில் பேத்தியைக் கூட்டிக்கொண்டு தேயிலை ஓரம் நின்று, அது கத்துவதைப் போனில் பதிவு செய்து அனுப்பு. இங்கே எங்கள் வீட்டுக்குப் பின்னால் கத்துவதை நான் அனுப்புகிறேன். அட்டைக்குக் காலில் உப்புத் தடவிக்கொண்டு போகச் சொல்.

உன்
பழைய லயத்து நண்பன்