பொம்மைக்கு உடுப்புத் தைத்தவர்

ஆசிரியர் அவர்களுக்கு,

டிஸ்னிலாந்து முழுவதும் வால்ட் டிஸ்னி என்ற ஒரே மனிதரின் படைப்பு என்ற உங்கள் ஞாயிறு கட்டுரையை வாசித்தேன். 1964 நியூயோர்க் உலகக் கண்காட்சிக்குச் செய்து, 1966இல் டிஸ்னிலாந்துக்குக் கொண்டுவந்த பொம்மைப் படகுச் சவாரியைப் பாருங்கள். நிறமும் பாணியும் மேரி பிளேயருடையவை. விளையாட்டுப் பொருட்கள் ரோலி கிரம்ப்புடையவை. பொம்மைகளின் உடுப்புகளை வடிவமைத்தவர் அலிஸ் டேவிஸ். மேரியை அழைத்தவர் டிஸ்னிதான். ஆளறியும் அந்தக் கண்ணை நான் மதிக்கிறேன்.

எங்கள் தேயிலைத் தோட்டத்துக் காமன் கூத்துக்கு ரதி, மன்மதன் உடுப்புகளை 22 வருடமாகத் தைக்கிறேன். மாசியில் ஊரே கூத்து வாத்தியாரைத்தான் புகழும். புகழட்டும். ஆனால் தப்படிப்பவர் இல்லாமல் அவர் எப்படி ஆட்டுவிப்பார்? அலிஸின் பெயரையும் ஒரு வரியில் போட்டிருக்கலாம், ஐயா.

இப்படிக்கு,
தையற்காரி ஒருத்தி,
தலவாக்கலை.