பாலத்துத் தூணுக்கு யார் பாதுகாப்பு?

ஆசிரியருக்கு வணக்கம்.

2024 மார்ச் 26 ராத்திரி அமெரிக்காவுல பால்டிமோர் பாலம் இடிஞ்சு விழுந்ததுக்கு டாலிங்கற சரக்குக் கப்பல்ல ஒரு வயர் லூஸா இருந்ததுதான் காரணம்னு விசாரணையில சொல்லிட்டாங்க. வயர்ல மாட்டியிருந்த லேபிள் இடிச்சதால அது முழுசா உள்ள போகல, கரன்ட் கட்டாயிடுச்சு, 300 மீட்டர் நீளக் கப்பல் நேரா போய் தூண்ல மோதிடுச்சு. உடனே எல்லாரும் கப்பல்காரன் தப்புன்னு பேசி முடிச்சிடறாங்க. எனக்கு மனசு ஒப்பல. எவ்ளோ நல்ல கப்பலா இருந்தாலும் என்னிக்காவது கரன்ட் போகத்தான் செய்யும், அன்னிக்கு அந்தத் தூணைக் காப்பாத்த அங்க என்ன இருந்துச்சு?

இதே பாலத்துல 1980லயே ப்ளூ நகோயாங்கற கப்பல் கன்ட்ரோல் போய் மோதியிருக்கு. 390 அடிக் கப்பல்தான், அதனால பாலம் தாங்கிடுச்சு. அதே வருஷம் ஃப்ளோரிடாவுல சன்ஷைன் ஸ்கைவே பாலத்துல கப்பல் மோதி 35 பேர் செத்தாங்க. அங்க புதுசா கட்டினப்ப தூணைச் சுத்தி பாறாங்கல்லக் கொட்டி தீவு மாதிரி ஆக்கி, டால்பின்னு சொல்ற பெரிய வட்ட கான்கிரீட் தடுப்பெல்லாம் வச்சாங்க, கப்பல் வந்தா முதல்ல அதுல முட்டி நிக்கணும்னு. பால்டிமோர்லயும் டால்பின் இருந்துச்சு, ஆனா டாலி சைஸ் கப்பலுக்கு அதெல்லாம் பத்தாது. எந்தப் பாலத்துக்கு எவ்ளோ ரிஸ்க்னு கணக்குப் போடற முறை 1991லயே வந்தாச்சு, அங்க போட்டுப் பாக்கவே இல்ல, இடிஞ்சப்புறம் பாத்தா அனுமதிச்ச அளவை விட கிட்டத்தட்ட 30 மடங்கு! கப்பலுக்கு வழிகாட்டற பைலட் மேடேன்னு ஆபத்து எச்சரிக்கை சொன்னதும் போலீஸ்காரங்க பாலத்துக்கு வர்ற வண்டிங்கள நிறுத்திட்டாங்க, மேல ரோட்டுல குழி அடைச்சிட்டு இருந்தவங்களுக்கு மட்டும் தகவல் போகல, 6 பேர் செத்துப் போயிட்டாங்க. கூலி வேலைக்கு வந்தவங்க. நெனச்சாலே வயிறு எரியுது.

நம்ம பாம்பன்லயும் 2013 ஜனவரில கடற்படையோட மிதவை ஒண்ணு பழைய ரயில் பாலத்துல மோதி சேதமாச்சு. இப்போ 2025 ஏப்ரல்ல புதுப் பாலம் திறந்தாச்சு, 72.5 மீட்டர் நீளத்துக்கு நடுப்பகுதி அப்படியே மேல தூக்குது, பெருமையாதான் இருக்கு. அதுக்குக் கீழ கப்பல் போகும்போது இன்ஜின் நின்னுட்டா தூணு எவ்ளோ எடை, எவ்ளோ வேகம் வரைக்கும் தாங்கும், பாலத்து மேல வேலை பாக்கறவங்களுக்கு யார் எப்படி எச்சரிக்கை குடுப்பாங்கன்னு ரயில்வே ஜனங்களுக்கு வெளிப்படையா சொல்லணும். உங்க பத்திரிகை இதைக் கேட்டு எழுதணும்னு கேட்டுக்கறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், ராமநாதபுரம்