மூன்றாம் வகுப்பில் கலைப் பாடம்: அத்தைக்கு ஒரு கடிதம்

அன்புள்ள அத்தைக்கு,

வணக்கம். நான் இங்கே நலமாக இருக்கிறேன். நீங்களும் வீட்டில் மற்றவர்களும் நலம் என்று அண்ணன் சொன்னார். கனடா நாட்டுத் தொடக்கப் பள்ளிகளில் ஓவியத்துக்கும் பாட்டுக்கும் உண்மையிலேயே பாடவேளை ஒதுக்குகிறார்களா, ஒதுக்கினால் அவற்றுக்கு மதிப்பெண் போடுவது எப்படி என்று உங்கள் கடிதத்தில் கேட்டிருந்தீர்கள். காலமெல்லாம் சின்ன வகுப்புகளிலேயே பாடம் நடத்திய நீங்கள் கேட்கும் கேள்விக்குப் பொத்தாம்பொதுவாகப் பதில் எழுதிவிட முடியாது. ஆசிரியர் பயிற்சிக்காக நான் போகும் பள்ளியில் கொஞ்சம் கண்ணும் காதும் பழகிய பிறகு எழுதலாம் என்று காத்திருந்ததால்தான் இவ்வளவு தாமதம்.

முதலில் ஏட்டில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். ஒன்டாரியோ மாகாணத்தில் ஒன்றாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை கலை கட்டாயப் பாடம். 2009இல் வெளியான பாடத்திட்டம் அதை நடனம், நாடகம், இசை, காட்சிக் கலை என்று நான்காகப் பிரித்து வைத்திருக்கிறது. மாணவர் தாமே ஒன்றைப் படைப்பது, பிறர் படைத்ததைப் பார்த்தும் கேட்டும் கருத்துச் சொல்வது, அக்கலை எந்த மக்களிடமிருந்து எவ்வாறு வந்தது என்று அறிவது ஆகிய மூன்றும் நான்கு பிரிவுகளுக்கும் பொதுவானவை. சில பள்ளிகளில் இசைக்கென்று தனி ஆசிரியர் இருப்பதுண்டு. பெரும்பாலும் காலையில் கணக்கு நடத்திய வகுப்பாசிரியரே மதியம் நடனமும் நடத்த வேண்டும். 2015 முதல் இங்கே பி.எட். படிப்பு நான்கு பருவங்களாக நீண்டிருப்பதும், அதில் குறைந்தது 80 நாள் பள்ளியில் பயிற்சி பெற வேண்டும் என்ற விதி இருப்பதும் ஒருவகையில் நல்லதே. வாழ்நாளில் ஒருமுறைகூட மேடை ஏறாதவர்களுக்கும், ஆசிரியராக வெளியே வருமுன் இந்தக் கலைகளைக் குழந்தைகளுக்கு முன்னால் நின்று நடத்திப் பார்க்க வாய்ப்புக் கிடைக்கிறது.

ஏட்டில் இருப்பது வகுப்பறைக்குள் வரும்போது சுருங்கிவிடுகிறது என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மூன்றாம் வகுப்பிலும் ஆறாம் வகுப்பிலும் மாகாணம் முழுவதற்கும் பொதுவான தேர்வு ஒன்று உண்டு. அதில் வாசிப்பு, எழுத்து, கணக்கு ஆகியவற்றை மட்டுமே சோதிக்கிறார்கள். நான் இருப்பது மூன்றாம் வகுப்பில். ஆகையால் நாளின் நல்ல நேரமெல்லாம் அந்த மூன்றுக்கும் போய்விட, கலை வெள்ளிக்கிழமையின் கடைசிப் பாடவேளையில், குழந்தைகளும் ஆசிரியரும் களைத்துப்போன நேரத்தில், முகம் காட்டுகிறது. அப்போது நடப்பதையும் பல வகுப்புகளில் பார்த்துவிட்டேன்: ஆசிரியர் முன்கூட்டியே வெட்டிவைத்த கறுப்பு, வெள்ளை, ஆரஞ்சுத் தாள்களைக் குழந்தைகள் ஒட்டுவார்கள், மாலையில் சுவரில் இருபது பெங்குவின்கள் ஒரே முகத்தோடு வரிசையாக நிற்கும். கைக்கு வேலை என்ற அளவில் அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் எந்தக் குழந்தையும் எந்த இடத்திலும் ஒரு முடிவு எடுக்க வேண்டியிராத ஒன்றைக் கலைப் பாடம் என்று பதிவேட்டில் எழுதுவது எனக்கு உறுத்துகிறது. என் வழிகாட்டி ஆசிரியையும் இதே கருத்துடையவர் என்பது என் நல்வினை. தேர்வுக்கு ஆயத்தப்படுத்தும் பொறுப்பு தமக்கு இருப்பதை மறைக்காமல் சொன்ன அவர், கலையைக் காலை நேரத்துக்குக் கொண்டுவர விரும்பினால் அறிவியலோடும் சமூகவியலோடும் சேர்த்துக் கொண்டுவரும்படி எனக்கு இடம் கொடுத்தார்.

அப்படிச் சேர்ப்பதிலும் ஒரு பொறி இருக்கிறது. நீர்ச் சுழற்சியைப் படமாக வரைந்து வண்ணம் தீட்டச் சொல்லிவிட்டு, இரண்டு பாடமும் முடிந்தன என்று கணக்குக் காட்டுவது எளிது. அங்கே ஓவியம் அறிவியலுக்கு எடுபிடி வேலை செய்கிறதே தவிர, ஓவியமாக எதையும் கற்றுக்கொடுப்பதில்லை. இரண்டுக்கும் ஒருசேரப் பயன்படும் பாடம் எதுவென்று தேடியபோதுதான் அவரைச் செடி கிடைத்தது. மூன்றாம் வகுப்பு அறிவியலில் தாவர வளர்ச்சி ஒரு அலகு. பனிக்காலத்தில் வெளியே பச்சையாக எதையும் பார்க்க முடியாத ஊரில், ஜன்னலோரத்துக் கோப்பைகளில் முளைத்த செடிகளுக்கு இருக்கும் மதிப்பே தனி. குழந்தைகளிடம் செடியைக் கொடுத்து, தாளைப் பார்க்காமல் செடியின் விளிம்பை மட்டும் கண்ணால் பின்தொடர்ந்து, பென்சிலை எடுக்காமல் மெதுவாக வரையச் சொன்னேன். முதலில் சிரிப்பும் கூச்சலும்தான். கோடுகள் எங்கெங்கோ போயின. அடுத்த தாளில் தாளையும் பார்க்கலாம் என்று அனுமதித்ததும் அறையில் பேச்சு அடங்கிவிட்டது. சற்று நேரத்தில் ஒரு சிறுமி எழுந்து, தன் செடியில் முதலில் வந்த இரண்டு இலைகளும் எதிரெதிரே தனித்தனி இலைகளாக இருப்பதாகவும், அதற்கு மேலே வந்தது மட்டும் மூன்று மூன்றாகப் பிரிந்திருப்பதாகவும் சொல்லி, தன் செடிக்கு ஏதோ நோய் வந்துவிட்டதா என்று கேட்டாள். எல்லாரும் தங்கள் செடியைத் திருப்பிப் பார்த்தார்கள். எல்லாச் செடியிலும் அப்படியே இருந்தது. அவரையினத்தின் இயல்பே அதுதான். ஆனால் வாரக்கணக்கில் தினமும் தண்ணீர் ஊற்றி, அளவுகோலால் உயரம் அளந்து, அட்டவணையில் எழுதிய யாருடைய கண்ணிலும் அது படவில்லை. வரைய உட்கார்ந்தபோதுதான் பட்டது. அந்தப் பாடவேளையை அறிவியல் என்று எழுதுவதா ஓவியம் என்று எழுதுவதா என்று வழிகாட்டி ஆசிரியை யோசிக்கவே இல்லை, இரண்டிலும் எழுதினார்.

குழந்தைகளின் ஓவியங்களைப் பற்றி உங்களிடம் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டும். இந்த வயதுக் குழந்தைகள் தாளின் அடியில் ஒரு பச்சைக் கோடும் உச்சியில் ஒரு நீலக் கோடும் போட்டு, நடுவில் வெள்ளையாக விட்டுவிடுவதை நீங்கள் எத்தனையோ முறை பார்த்திருப்பீர்கள். வானம் தரையைத் தொடுகிறதே, ஏன் இடைவெளி விட்டாய் என்று திருத்தத்தான் நமக்குக் கை பரபரக்கும். கலைக் கல்வி ஆய்வாளரான விக்டர் லோவன்ஃபெல்டு, குழந்தைகளின் ஓவியம் படிப்படியாக வளரும் விதத்தை 1947இல் வெளியிட்ட நூலில் விளக்கியிருக்கிறார். ஏழு முதல் ஒன்பது வயது வரை குழந்தை, கண்ணுக்குத் தெரிவதை வரையாமல், தான் அறிந்திருப்பதை வரைகிறது என்பது அவர் சொல்வதன் சாரம். தரை கீழே இருக்கிறது, வானம் மேலே இருக்கிறது, நாம் இடையில் நடமாடுகிறோம். அந்த வெள்ளை இடம் காற்று. இதை ஒரு சிறுவனே எனக்கு விளக்கினான். இதுகூட ஆசிரியருக்குத் தெரியாதா என்ற வியப்பு அவன் குரலில் இருந்தது. வீட்டின் சுவரை வரைந்துவிட்டு உள்ளே இருக்கும் கட்டிலையும் வரைவது, முக்கியமானவரைப் பெரிதாக வரைவது ஆகியவையும் இந்தப் பருவத்துக்கே உரியவை. ஒன்பது வயதைத் தாண்டும்போது குழந்தைக்குத் தன் படத்தின்மேல் சந்தேகம் வரத் தொடங்குகிறது. ‘எனக்கு வரைய வராது’ என்ற பேச்சு முதலில் தலைகாட்டும் வயதும் அதுதான். மூன்றாம் வகுப்பு இந்த இரண்டு பருவங்களின் எல்லையில் நிற்பதால், ஒரே மேசையில் நீலக் கோட்டை நிம்மதியாகப் போடும் குழந்தையும், அழிப்பானால் தாளைக் கிழிக்கும் குழந்தையும் அருகருகே உட்கார்ந்திருக்கிறார்கள். முன்னவரைத் திருத்தாமலும் பின்னவரைப் பொய்யாகப் புகழாமலும் இருக்க ஆசிரியருக்குத் தெரிய வேண்டும். ‘அழகாக இருக்கிறது’ என்று சொல்வதை நான் அநேகமாக நிறுத்திவிட்டேன். இந்த இடத்தில் ஏன் கோட்டை இவ்வளவு அழுத்தினாய் என்று கேட்டால் எந்தக் குழந்தையும் பதில் சொல்கிறது.

இசைப் பாடத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஜெர்மானிய இசையமைப்பாளர் கார்ல் ஆர்ஃப் வகுத்த முறையில், மரக்கட்டைகளைக் கழற்றி மாட்டக்கூடிய, குச்சியால் தட்டி வாசிக்கும் சைலஃபோன்கள் இங்கே பல பள்ளிகளில் இருக்கின்றன. ஃபா, டீ (நம் ம, நி) என்ற இரண்டு சுரங்களின் கட்டைகளையும் கழற்றிவிட்டால் மிச்சமுள்ள ஐந்தில் எதையும் எதனோடும் சேர்த்துத் தட்டலாம். காதுக்குக் கரடுமுரடாக ஒன்றும் வராது. மிச்சமிருப்பது எது என்று நீங்கள் இந்நேரம் கண்டுபிடித்திருப்பீர்கள்: ஸ ரி க ப த, நம் மோகன ராகம். இருபது குழந்தைகள் கட்டுப்பாடில்லாமல் மோகனத்தைத் தட்டுவதைக் கேட்டுக்கொண்டு முகத்தை நேராக வைத்திருப்பது சிரமமாக இருந்தது. கணக்கு வகுப்புக்காக, ஒரு வரிசை தகிட என்று மூன்றுக்கு ஒரு தட்டும், மற்றொரு வரிசை தகதிமி என்று நான்குக்கு ஒரு தட்டும் வலுவாகத் தட்டி, இரண்டு வரிசையின் வலுத் தட்டும் எங்கே ஒன்றாக விழுகிறது என்று கேட்கச் செய்தேன். ஒன்று என்று எண்ணத் தொடங்கியதிலிருந்து பன்னிரண்டு எண்ணிக்கைக்கு ஒருமுறை விழுகிறது என்று பெருக்கல் வாய்ப்பாட்டில் தயங்குபவர்களும் காதால் கண்டுபிடித்தார்கள்.

எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது நாடகம். மூன்றாம் வகுப்புச் சமூகவியலில் 1780 முதல் 1850 வரை இந்நாட்டில் வாழ்ந்த சமூகங்களைப் பற்றிய பகுதி இருக்கிறது. ஆசிரியர் தாமே ஒரு பாத்திரமாக அமர, குழந்தைகள் அவரைக் கேள்வி கேட்கும் முறை ஒன்று இங்கே வழக்கத்தில் உண்டு. நான் ஒரு சால்வையைப் போர்த்துக்கொண்டு, அந்தக் காலத்தில் கப்பலில் வந்து நிலம் கேட்டுக் காத்திருக்கும் குடியேறியாக நாற்காலியில் அமர்ந்தேன். பயணத்தில் என்ன கொண்டுவந்தாய், யாரை விட்டுவந்தாய் என்று தொடங்கிய கேள்விகள், இந்த நிலத்தில் முன்பே இருந்தவர்களிடம் கேட்டாயா என்ற இடத்துக்கு வந்து நின்றன. அந்தக் கேள்வி அவர்களுக்கு எளிதாக வந்ததில் வியப்பில்லை. தினமும் காலையில் தேசிய கீதத்தோடு, பள்ளி நிற்கும் நிலம் எந்தப் பூர்வகுடி மக்களுக்கு உரியது என்ற அறிவிப்பையும் ஒலிபெருக்கியில் கேட்டு வளர்பவர்கள் அவர்கள். குடியேறியாக நடித்துக்கொண்டிருந்த எனக்கு, நடிக்காத நேரத்திலும் அந்தக் கேள்வி பொருந்தும் என்பது உறைக்காமல் இல்லை. ஆனால் பூர்வகுடி மக்களின் பாத்திரத்தைக் குழந்தைகள் ஏற்று நடிக்கக் கூடாது என்பதில் வழிகாட்டி ஆசிரியை உறுதியாக இருந்தார். ஓவியர் நார்வல் மோரிசோவின் படங்களைக் காட்டும்போதும் அதே கவனம்தான். அனிஷினாபே என்ற பூர்வகுடி மக்களின் மரபில் வந்த அவர் (1932–2007) தடித்த கறுப்புக் கோடுகளுக்குள் உயிர்களின் உள்ளுறுப்புகளையும் ஆற்றலின் ஓட்டத்தையும் வரைந்தவர். அந்தப் பாணியைப் பார்த்து மீன் வரைந்து வண்ணமடிக்கும் பயிற்சித்தாள்கள் எளிதில் கிடைக்கின்றன. அவருடைய மக்களின் நம்பிக்கையிலிருந்து பிறந்த உருவங்களை விளையாட்டாகப் பிரதி எடுப்பது முறையல்ல என்பதால், நாங்கள் படத்தைத் திரையில் காட்டி, இதில் என்ன நடக்கிறது, எதைப் பார்த்து அப்படிச் சொல்கிறாய், இன்னும் என்ன தெரிகிறது என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தோம். ஒரே படத்தின் முன்னால் ஒரு பாடவேளை முழுவதும் போயிற்று.

பண்பாட்டு வாரம் ஒன்றில் என்னைப் பட்டுடுத்தி ஆடச் சொல்லிப் பள்ளியில் கேட்டார்கள். அன்பாகத்தான் கேட்டார்கள், நானும் அன்பாகவே மறுத்துவிட்டேன். நான் ஆட, அவர்கள் கைதட்ட, அதில் குழந்தைகள் கற்பதற்கு என்ன இருக்கிறது? அதற்குப் பதிலாக உடற்பயிற்சிக் கூடத்தில், ஒரே நடையைக் கனமாகவும் இலேசாகவும், விரைவாகவும் தயங்கியும், தனித்தும் இணைந்தும் நடக்கவைத்து, எந்த நடை யாருடையதாக இருக்கும் என்று சொல்லவைத்தேன். பனிக்கால உடைகளையும் காலணிகளையும் கழற்றி மாட்டுவதிலேயே கால் பாடவேளை போய்விடும் என்பது தனிக் கதை.

இனி மதிப்பெண்ணுக்கு வருகிறேன். ஆறாம் வகுப்பு வரை எண் கிடையாது. ஏ, பி, சி, டி என்று எழுத்துத்தான். பி என்பதே மாகாணம் எதிர்பார்க்கும் தரம். ஏ அதைத் தாண்டியது. நடனம், நாடகம், இசை, காட்சிக் கலை ஒவ்வொன்றுக்கும் தேர்ச்சி அறிக்கையில் தனித்தனி இடம் இருக்கிறது. படம் அழகாக வந்ததா என்று பார்த்துப் போட்டால், வீட்டில் வண்ணப்பெட்டி இருக்கும் குழந்தைக்குத்தான் எப்போதும் ஏ கிடைக்கும். ஆகையால் எதைப் பார்க்கப்போகிறோம் என்பதைத் தொடங்கும் முன்பே குழந்தைகளோடு பேசி எழுதிவைக்கிறோம். அவரைச் செடிப் பாடத்தில் அது இரண்டே வரி: இலை தண்டோடு சேரும் இடம் தெரிகிறதா, கோட்டின் தடிப்பை எங்காவது வேண்டுமென்றே மாற்றியிருக்கிறாயா. முதல் தாளையும் கடைசித் தாளையும் சேர்த்துப் பார்த்து, குழந்தை சொல்லும் காரணத்தையும் கேட்டுத்தான் எழுத்தைப் போடுகிறோம். நேரம் பிடிக்கும் வேலைதான். கணக்குத் தாள் திருத்துவதைவிடக் கடினமானது என்றே சொல்வேன். இந்த முறையிலும் ஆசிரியரின் விருப்புவெறுப்பு முழுதாக நீங்கிவிடாது என்று நீங்கள் சொல்வீர்கள். எனக்கும் அந்த ஐயம் உண்டு.

அடுத்த பயிற்சி ஆறாம் வகுப்பில். வரைய வராது என்ற முடிவுக்கு ஏற்கெனவே வந்துவிட்டவர்கள் அங்கே பாதிக்கு மேல் இருப்பார்கள் என்று எச்சரித்திருக்கிறார்கள். பென்சிலில் தொடங்காமல் களிமண்ணிலோ, விளக்கொளியில் விழும் நிழலிலோ தொடங்கலாமா என்று யோசிக்கிறேன். பெரிய பிள்ளைகளை நீங்கள் எப்படி வழிக்குக் கொண்டுவந்தீர்கள் என்று எழுதுங்கள். உங்கள் பழைய பாடக்குறிப்பேடுகள் பரணில் இன்னும் இருந்தால், கைவேலைப் பக்கங்களை மட்டும் அண்ணனிடம் சொல்லிப் படமெடுத்து அனுப்பச் செய்யுங்கள். பயிற்சி தொடங்குவதற்குள் கிடைத்தால் நல்லது.

அன்புடன்,
உங்கள் மருமகள்