12 பாரும் நிசானின் பெயரும்: யொக்கோஹாமாவுக்கு ஒரு திறந்த மடல்

நிசான் மோட்டார் நிறுவன நிர்வாகத்தினருக்கு,
யொக்கோஹாமா, ஜப்பான்.

வணக்கம்.

நீங்கள் எங்களுக்கு நேரடியாக விற்காத ஒரு காரைப் பற்றி எழுதுகிறோம். இலங்கையில் ஓடும் நிசான் லீஃப் மின்சாரக் கார்களில் பெரும்பாலானவை ஜப்பானில் யாரோ ஓட்டி, ஏலத்துக்குப் போய், கப்பலேறி வந்தவை. சட்டப்படி அது உங்கள் பொறுப்பில்லை என்று கைகழுவ வழியிருக்கிறது. ஆனால் காரின் முகப்பில் இருப்பது உங்கள் பெயர். பற்றரி படுத்துவிட்டால் வாங்கியவர் திட்டுவதும் அந்தப் பெயரைத்தான், ஏலக்காரனை அல்ல.

அந்தப் பெயர் சும்மா கிடைத்ததல்ல. கென்யாவின் புழுதியிலும் சேற்றிலும் ஓடும் சஃபாரி ரலியை 1970இல், அன்று நீங்கள் டட்சன் என்ற பெயரில் விற்ற புளூபேர்ட் வென்றது. 1971இலும் 1973இலும் 240இசட் வென்றது. 1979 முதல் 1982 வரை நான்கு வருடமும் ஷேகர் மேத்தா டட்சனிலேயே வென்றார். வெயிலுக்கும் மோசமான றோட்டுக்கும் அசையாத கார் என்ற பேச்சு அப்படி வந்தது. இங்கே அதைக் காப்பாற்றியவை எஃப்பி14, எஃப்பி15 மாதிரிச் சன்னிக் கார்கள். ரைமிங் செயின் எஞ்சின்; சின்னக் கராஜிலும் பிரித்துப் பூட்டலாம்; கொழும்பின் உதிரிப்பாகச் சந்தையான பஞ்சிகாவத்தையில் தேடினால் கிடைக்காத சாமான் இல்லை. இன்றும் அவற்றுக்கு வாங்குபவர் இருக்கிறார்கள்.

2010 டிசம்பரில் லீஃப் வந்தபோது அந்த நம்பிக்கை அப்படியே அதன்மேல் ஏறியது. 2011இல் ஐரோப்பாவின் சிறந்த கார் விருதும் உலகின் சிறந்த கார் விருதும் அதற்குத்தான். நியாயமான விருதுகள். மோட்டாரும் கியர்ப் பெட்டியும் அநேகமாகப் பழுதாவதே இல்லை. பெற்றோல் வரிசைகள் கிலோமீற்றர் கணக்கில் நீண்ட 2022இல், வீட்டில் சார்ஜ் போட்டு ஓடியவர்கள் இந்தக் காரை வாழ்த்தினார்கள், மின்வெட்டு விட்ட நேரங்களில் என்றாலும். குறை முழுவதும் ஓரிடத்தில் இருக்கிறது: தரைக்குக் கீழே, சுமார் 300 கிலோ எடையுள்ள அந்த இரும்புப் பெட்டிக்குள்.

முதல் லீஃப்களின் 24 கிலோவாற் மணிப் பற்றரியில் 48 மொடியூல்கள். ஒவ்வொன்றிலும் 4 செல், மொத்தம் 192. இரண்டிரண்டாகச் சேர்ந்து 96 சோடிகள் தொடராக நிற்கின்றன. பெட்டி இறுக மூடப்பட்டது. உள்ளே விசிறியும் இல்லை, குளிர்திரவமும் இல்லை. அதே 2010 டிசம்பரில் சந்தைக்கு வந்த செவ்ரலே வோல்ற்றின் பற்றரிக்குத் திரவக் குளிரூட்டல் இருந்தது. நீங்கள் எடையையும் விலையையும் குறைக்க அதை விட்டுவிட்டீர்கள். ஜப்பானின் குளிர்காலத்துக்கு அது ஓரளவு சரிவந்தது. இங்கே மார்கழியில்கூட யாழ்ப்பாணமோ கொழும்போ 20 பாகைக்குக் கீழே இறங்குவது அபூர்வம். மத்தியானம் தார் றோட்டில் நின்ற காரின் பெட்டிக்குள் மெதுவாக ஏறும் சூடு, விடியும்வரை முழுதாக இறங்குவதில்லை. சூட்டில் மங்கனீசு மின்பகுதிரவத்தில் கரைந்து எதிர்முனைக்குப் போய்ப் படிகிறது. அங்கே படலம் தடிக்கிறது. அதில் சிக்கும் லித்தியம் திரும்பி வருவதில்லை. கார் ஓட வேண்டும் என்றுகூட இல்லை. 100 வீதம் சார்ஜுடன் வெயிலில் சும்மா நின்றாலே போதும்.

இது உங்களுக்குத் தெரியாததல்ல. 2012 கோடையில் அமெரிக்காவின் அரிசோனாக்காரர்கள் இதையே சொன்னார்கள். அதன் பிறகுதான் 5 வருடம் அல்லது 60,000 மைலுக்குள், மீற்றரில் பற்றரியின் கொள்ளளவைக் காட்டும் 12 பாரில் 9க்குக் கீழே போனால் திருத்தித் தருவோம் என்ற உத்தரவாதம் வந்தது. 2014இல் அங்கே மாற்றுப் பற்றரிக்கு 5,499 டொலர் என்று விலையும் சொன்னீர்கள், சூடு தாங்கும் புதிய செல்களுடன். அதே 2014 மாதிரியில் செய்த இன்னொன்றைத்தான் எங்களால் ஏற்க முடியவில்லை. 80 வீதத்தில் சார்ஜை நிறுத்தும் வசதியை அமெரிக்கக் கார்களிலிருந்து எடுத்துவிட்டீர்கள். அது இருந்தால் அரசாங்கப் பரிசோதனையில் 80க்கும் 100க்கும் இடைப்பட்ட சராசரித் தூரமே ஸ்டிக்கரில் ஏறும். எடுத்ததும் 75 மைல் 84 ஆனது. பற்றரியின் ஆயுளை நீட்டும் பொத்தானை, காட்சிக்கூடத்தில் நிற்கும் ஓர் எண்ணுக்காகக் கொடுத்துவிட்டீர்கள். இங்கே வந்த ஆரம்பகால ஜப்பான் லீஃப்களில் அந்த வசதி இன்னும் இருக்கிறது. ஆனால் திரை முழுக்க ஜப்பானிய மொழி. மெனுவில் அது எங்கே ஒளிந்திருக்கிறது என்று உரிமையாளருக்கு யார் சொல்வது?

இனி இந்த மடலின் முக்கிய காரணம். மீற்றரில் சார்ஜ் அளவுக்கு வலப்புறமாக ஒடுங்கிய 12 கட்டங்கள் இருக்கின்றன. பற்றரியின் கொள்ளளவு 85 வீதத்துக்குக் கீழே போனால் முதல் பார் அணையும். அதன்பின் ஒவ்வொரு 6.25 வீதத்துக்கும் ஒன்று. 8 பார் என்றால் கொள்ளளவு 66 வீதத்துக்கும் கீழே. விற்பனை விளம்பரங்களில் "12 பார்" என்பதற்கே தனி விலை. அந்த 12ஐச் சில நிமிட வேலையில் உண்டாக்கலாம். பற்றரி மாற்றியதும் பழைய தேய்மானக் கணக்கை அழிக்க உங்கள் கொன்சல்ட் பரிசோதனைக் கருவியிலேயே ஒரு கட்டளை இருக்கிறது. பற்றரியை மாற்றாமலே அதை ஓட்டினால் 7 பார் கார் 12 பார் ஆகிவிடும். காரின் தரவை வாசிக்கும் லீஃப் ஸ்பை கைப்பேசிச் செயலியில் தெரியும் ஆம்பியர் மணியும், எஸ்ஓஎச் எனும் பற்றரி நல வீதமும்கூடப் புதிய கார் போலக் காட்டும். சில வாரம் ஓடியபின், பற்றரியைக் கண்காணிக்கும் பிஎம்எஸ் கணினி உண்மையைக் கண்டுபிடிக்க, பார்கள் ஒன்றன்பின் ஒன்றாக விழும். அதற்குள் காசு கைமாறியிருக்கும். இடைப்பட்ட நாட்களில் அது ஆபத்தும்கூட: இன்னும் 40 கிலோமீற்றர் ஓடலாம் என்று காட்டிக்கொண்டே வந்து, திடீரென, சக்தி குறைக்கப்பட்டதைச் சொல்லும் ஆமை விளக்கு எரிந்து, லொறிகளுக்கு நடுவே கார் ஊரத் தொடங்கும்.

ஆகவே காரைப் பார்க்க வருபவர்களுக்கு நாங்கள் சொல்வது, பாரை எண்ணாதீர்கள், ஓட்டிப் பாருங்கள். 100 வீதம் சார்ஜ் ஏற்றி, பயணக் கணக்கைப் பூச்சியமாக்கி, ஏசியை நிறுத்தி, மணிக்கு 50 கிலோமீற்றர் அளவில் சீராக 20 வீதம் வரை ஓட்ட வேண்டும். 2012 கடைசிவரை வந்த கார்களின் மீற்றரில் வீதம் தெரியாது; அவற்றுக்கு, காரின் பரிசோதனை இணைப்பில் செருகும் ஓபிடி டொங்கிளும் லீஃப் ஸ்பையும் தேவை. ஓடிய தூரத்தை, மீற்றர் காட்டும் ஒரு கிலோவாற் மணிக்கான கிலோமீற்றர் சராசரியால் வகுக்க வேண்டும். 70 கிலோமீற்றர் ஓடி, சராசரி 7 என்றால் செலவு 10 கிலோவாற் மணி. அது 80 வீதத்துக்கான செலவு என்பதால் முழுப் பற்றரியில் இருப்பது 12.5. புதிய 24இல் உண்மையில் பாவிக்கக் கூடியது 21 அளவில். ஆக மிஞ்சியிருப்பது 60 வீதம். அந்தக் காரில் நேர்மையாக எரிய வேண்டியது 7 அல்லது 8 பார். தேய்மானக் கணக்கை அழித்த ரீசெட்டால் இந்தக் கணக்கை ஏமாற்றுவது கடினம்.

ஓட்டத்தின் கடைசியில், சார்ஜ் 25 வீதத்தை நெருங்கும்போது, ஒரு மேட்டில் அக்சிலரேற்றரை முழுதாக மிதித்து, லீஃப் ஸ்பையில் 96 சோடிகளின் வரைபடத்தைப் பார்க்க வேண்டும். எல்லாம் சேர்ந்து இறங்கினால் அது வயது. ஒரு சோடி மட்டும் மற்றவற்றைவிட 100 மில்லிவோல்ற்றுக்கு மேல் விழுந்தால் அது நோய்ப்பட்ட செல். பிஎம்எஸ் மிகப் பலவீனமான சோடியைப் பார்த்தே காரை நிறுத்தும் என்பதால், 95 சோடி நன்றாக இருந்தும் ஒன்றுக்காகக் கார் படுத்துவிடும். இவற்றுக்கெல்லாம் முன்னர் 12 வோல்ற் சின்னப் பற்றரியை அளந்துவிட வேண்டும். நின்ற நிலையில் 12.4க்குக் கீழே இருந்தால் மீற்றரில் எரியும் எச்சரிக்கை விளக்குகளில் பாதிக்கு அதுவே காரணமாக இருக்கலாம். பெரிய பற்றரியைக் குறைசொல்லி இறக்கிய எத்தனையோ கார்களில் பழுது இந்தச் சின்னப் பற்றரியில்தான் இருந்தது.

நோய்ப்பட்ட மொடியூலை மாற்றுவது செய்யக்கூடிய வேலை, முறை தெரிந்தால். 12 வோல்ற்றின் மறை முனையைக் கழற்றி, பின் இருக்கைக்கு முன்னே கால் வைக்கும் இடத்தின் கம்பளத்துக்கடியில் இருக்கும் செம்மஞ்சள் சேர்விஸ் பிளக்கை இழுத்து எடுத்து, வேலை செய்பவர் அதைத் தன் பொக்கற்றிலேயே வைத்திருக்க வேண்டும். பத்து நிமிடமாவது பொறுத்து, 1000 வோல்ற் கையுறையுடன் முனைகளில் பூச்சியம் என்று அளந்த பிறகே கேபிளில் கை. மிச்சத்தில்தான் தவறுகள் நடக்கின்றன. மாற்று மொடியூலின் வோல்ற்றளவை மற்றவற்றோடு 10 மில்லிவோல்ற்றுக்குள் கொண்டுவராமல் பூட்டுகிறார்கள். காருக்குள் இருக்கும் சமன்செய்யும் சுற்றின் மின்னோட்டம் மிகச் சிறியது. பெரிய வித்தியாசத்தை அது சரிசெய்ய வாரக்கணக்காகும். அதற்குள் அதே எச்சரிக்கை விளக்கு திரும்ப வரும். புதிய மொடியூல் என்று பெருமையாகப் போடுவதும் பிழை: 60 வீதக் கூட்டத்தில் 90 வீதத்தானைச் சேர்த்தால் காசுதான் நட்டம், தூரம் கூடாது. மூடியைக் கண்டபடி சிலிக்கன் பூசி ஒட்டுவது இன்னொன்று. முதல் பருவமழையில் நீர் புகுந்து மின்காப்புப் பழுது காட்டும், அப்போது பெட்டி முழுவதும் போய்விடும்.

முழுப் பற்றரியையும் மாற்ற நினைப்பவருக்கு வழி இதைவிட இறுக்கம். விபத்துக் காரிலிருந்து எடுத்த பெட்டியைப் பூட்டினால், அதன் பிஎம்எஸ்ஸை அந்தக் காரோடு பதிவுசெய்யாமல் சரியாக ஓடாது. அந்தப் பதிவு வசதியை முகவர்களிடம் மட்டும் வைத்திருக்கிறீர்கள். முகவரோ, இது நாங்கள் இறக்கிய கார் இல்லை என்பார். அதனால் எங்கிருந்தோ வந்த மூன்றாம் தரப்புக் கருவியை வைத்துக் காரின் சமிக்ஞைகளை இடைமறித்து ஏமாற்ற வேண்டியிருக்கிறது. 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. இடைப்பட்ட காலம் முழுவதும் பழைய லீஃபை விற்றுவிட்டு வேறொன்றை எடுப்பது பலருக்கு நடக்காத காரியம். இருந்ததைத் திருத்தித்தான் ஓடினார்கள்.

வழி உங்களிடமே இருக்கிறது. 2018 மார்ச்சில் ஃபுக்குஷிமாவின் நாமியேயில் உங்கள் 4ஆர் எனர்ஜி நிறுவனம் பழைய பற்றரிகளைப் பிரித்துத் தரம்பார்த்துச் சேர்க்கும் தொழிற்சாலையைத் திறந்தது. புதிய 24 கிலோவாற் மணிப் பற்றரிக்கு 650,000 யென் என்றிருந்தபோது புதுப்பித்ததற்கு 300,000 யென் விலை வைத்தீர்கள். நல்ல வேலை. ஆனால் அது ஜப்பானிலுள்ள உரிமையாளருக்கு மட்டும். கார் கப்பலேறி வரலாம், அதன் பற்றரி வரக்கூடாது என்பது என்ன கணக்கு? லித்தியம் பற்றரிகளை ஆபத்துப் பொருள் விதிகளின்கீழ் பொதி செய்து கப்பலில் அனுப்புவது உங்களுக்குப் புதிதல்ல. முகவர் மூலம் அனுப்புங்கள், பழைய பெட்டியைத் திருப்பிக் கொடுத்தால்தான் தருவோம் என்று நிபந்தனை போடுங்கள். ஊரில் தேங்கும் பழைய பற்றரிகளுக்கும் அது ஒரு வழி.

2025இல் வெளியிட்ட மூன்றாம் தலைமுறை லீஃபுக்குத் திரவக் குளிரூட்டல் வைத்திருக்கிறீர்கள். வரவேற்கிறோம். அந்தக் கார் பழையதாகி இந்தப் பக்கம் வர இன்னும் பல வருடம் ஆகும். அதற்கு முன்னர் செய்ய வேண்டியவற்றில் செலவே இல்லாதது தேய்மானக் கணக்கை அழிக்கும் கட்டளை பற்றியது. யார் எப்போது அழித்தாலும், அழித்த திகதியும் அப்போதைய கிலோமீற்றரும் பிஎம்எஸ்ஸில் அழியாமல் பதிவாகட்டும், ஓபிடி வழியாக எவரும் அதை வாசிக்கட்டும். பாருக்குப் பக்கத்தில் மிஞ்சிய கொள்ளளவைக் கிலோவாற் மணியில் எண்ணாகக் காட்டுங்கள். பற்றரிப் பதிவு வசதியைக் கட்டணத்துக்காவது தனியார் கராஜ்களுக்குத் திறந்துவிடுங்கள்.

இன்னொன்றை இந்த மாதமே தொடங்கலாம். 30 கிலோவாற் மணிக் கார்களின் பிஎம்எஸ் கொள்ளளவைக் குறைத்துக் காட்டுகிறது என்று 2018இல் நீங்களே ஒப்புக்கொண்டு மென்பொருள் திருத்தம் வெளியிட்டீர்கள். அந்தத் திருத்தம் ஏறாத 30கள், இருப்பதைவிடத் தேய்ந்தவையாகக் காட்டி விலைபோகின்றன. சேசிஸ் இலக்கத்தைப் பார்த்து, எந்த நாட்டில் விற்ற கார் என்று கேட்காமல், அதை ஏற்றிக் கொடுக்கும்படி உங்கள் இலங்கை முகவருக்கு ஒரு கடிதம் எழுதினால் போதும்.

இப்படிக்கு,
இலங்கையில் மின்சாரக் கார்ப் பற்றரி வேலை செய்யும் தொழில்நுட்பவியலாளர்கள்