ஆறுக்குள் ஆறு போகாது: ஒரு நன்றி மடல்

பிள்ளைகள் செய்த மோட்டார் வண்டி ஓடியது. ஞாயிற்றுக்கிழமைப் போட்டியின் மூன்று சுற்றிலும் ஒரு சக்கரம்கூடக் கழன்று விழவில்லை. அதற்கு முந்தைய வாரம் பட்ட பாடு பெற்றோர் எல்லோருக்கும் தெரியும். முன்பணம் வாங்கிக்கொண்டு கடைசி நேரத்தில் கையை விரித்தவர்களைப் பற்றிப் பேசப் போவதில்லை.

நான் சொல்ல வந்தது சென்னைக் காசிமேடு மீன்பிடித் துறைமுகப் பக்கம் இருக்கும் ஒரு லேத் பட்டறை அண்ணனைப் பற்றி.

நாங்கள் போனது மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில் நிற்கும்போதுதான் அந்தப் பட்டறைகளுக்கு மூச்சுவிட நேரமிருக்காது. ஆளுயர புரொப்பல்லர் ஷாப்டுகள் சுவரோரம் சாய்ந்து கிடக்க, விரல் கடை அளவில் நான்கு அலுமினிய ஹப் (சக்கரத்தை மோட்டார் ஷாப்டோடு இணைக்கும் நடுத்துண்டு) வேண்டும் என்று போய் நின்றோம். த்ரீடி பிரிண்டரில் அடித்த பிளாஸ்டிக் ஹப்பில், அதை ஷாப்டோடு இறுக்கும் தலையில்லாத சின்னத் திருகான கிரப் ஸ்க்ரூவை இரண்டு முறை முடுக்கினாலே மரை உரிந்துவிடுகிறது. வேறு வழியில்லை.

தாளை வாங்கிப் பார்த்தார். “யாரு வரைஞ்சது?”

எட்டாம் வகுப்புப் பாப்பாவைக் காட்டினேன். அதற்குப் பிறகு அவர் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. கேள்வி எல்லாம் அவளிடம்தான்.

25 மில்லிமீட்டர் ராடில் ஒரு துண்டை லேத்தின் சக்கில் பிடித்துக் கடைந்து, படத்தில் இருந்தபடியே நடுவில் 6 மில்லி ஓட்டை போட்டு, பிசிறு எடுத்து அவள் கையில் கொடுத்தார். “மோட்டார்ல போடு பாப்பா.” போகவில்லை. விரல் நுனி சிவக்க அழுத்திப் பார்த்தாள். அவர் பேசாமல் வெர்னியர் அளவுகோலை நீட்டினார். அளந்தாள். ஷாப்ட் ஆறு. ஓட்டையும் ஆறு.

“ஆறுக்குள்ள ஆறு எப்பிடிப் போவும்? கொஞ்சம் காத்து வுடணும்ல.”

பாப்பா போட்டுப் பார்க்கும் முன்பே அது போகாது என்று அவருக்குத் தெரியும். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இரண்டு நிமிடத்தில் முடிந்திருக்கும். பாப்பா 6-ஐ அடித்துவிட்டு 6.05 என்று எழுதினாள். முதல் துண்டை ஒதுக்கிவிட்டுப் புதிதாக ஒன்றைக் கடைந்து, எமரித் தாள் சுற்றிய குச்சியை விட்டு, நாலு தடவை அளந்து அளந்து அந்த அளவுக்குக் கொண்டுவந்தார். அதற்குள் அவளே இன்னொன்றைக் கண்டுபிடித்துவிட்டாள்: 4 மில்லி திருகுக்கு மரை வெட்டும் எம்4 டாப்புக்கு 4 மில்லி டிரில் என்று போட்டிருந்தாள். “நாலே போட்டா டாப் எதைக் கடிக்கும்?” என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டாள். அண்ணன் ஒன்றும் சொல்லாமல் 3.3 டிரில்லைத் தேடி எடுத்தார்.

பதினொரு ஆண்டாக வெர்னியர் பாடம் நடத்துகிறேன். மீச்சிற்றளவு 0.01 செ.மீ. என்று எழுதவைப்பேன், மதிப்பெண் போடுவேன். எதற்காக அளக்கிறோம் என்று ஒரு பிள்ளையும் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை.

பில் புத்தகத்தில் வாடிக்கையாளர் பெயர் எழுதும் ‘பார்ட்டி’ என்ற இடத்தில் அவள் பெயரை எழுதினார். நான்கு அல்ல, ஐந்து ஹப்புக்குக் கூலி. அந்த உதவாத ஒன்றுக்குமா என்று கேட்டுவிட்டேன். “வரைஞ்சதைத்தானே போட்டேன்? இனாமா குடுத்தா அடுத்த தபா கூச்சப்பட்டு வராது சார். பார்ட்டின்னா வரும்.”

தன் ஷாப்டைக் கீழே இறக்கி வைக்கச் சொல்லிவிட்டு ஸ்டூலில் காத்திருந்த படகுக்காரருக்கும் நன்றி. “நம்ம போட்டு ஜூன் வரைக்கும் இங்கதான், உங்களுது ஞாயித்துக்கெழமையாச்சே” என்றார். இரவோடு இரவாகத் தகடு வெட்டித் தந்த அம்பத்தூர் லேசர் கட்டிங்காரர், பாரிமுனையில் ஷட்டரைப் பாதி இறக்கியபின் கிரப் ஸ்க்ரூ தேடித்தந்த கடைப் பையன், அரம் பிடிக்கக் கற்றுக்கொடுத்த ஐ.சி.எஃப். (ரயில்பெட்டித் தொழிற்சாலை) அப்பா, வெயிட்டிங் சார்ஜ் கேட்காத ஆட்டோ அண்ணன், புளிசாதம் கட்டிக்கொடுத்த அம்மாக்கள் எல்லோருக்கும் கும்பிடு.

அடுத்த வருடம் வரைந்தவர்தான் தாளைத் தூக்கிக்கொண்டு பட்டறைக்குப் போக வேண்டும். நான் வாசலில் டீ குடித்துக்கொண்டு நிற்பேன்.

கடைசியாக ஒன்று, அண்ணே. உங்கள் வெர்னியரைப் பாப்பா மறதியாகப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டாள். திங்கட்கிழமை அவளே கொண்டுவந்து தருவாள். திட்டாதீர்கள்.